கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு அருங்காட்சியகம்: பாதியில் திரும்பி வர ஒரு வழிகாட்டி

விடுமுறை தொடங்கிய புதிதில் பிள்ளைகளுக்கு வீடே போதும். வெயில் ஏறி, விளையாட்டுச் சாமான்கள் சலித்துப்போன பிறகுதான் "எங்கேயாவது போகலாம்" என்ற முணுமுணுப்பு தொடங்கும். பகலில் பூங்காவில் நிற்க முடியாது. கடைவீதிக்குப் போனால் பணப்பை இளைக்கும். அருங்காட்சியகத்தின் நினைவு பெற்றோருக்கு வருவது அப்போதுதான். அங்கே நிழல் உண்டு, பெரும்பாலும் குளிர்ச்சியும் உண்டு, பிள்ளைகள் நாலு விஷயம் தெரிந்துகொள்வார்கள் என்ற மனநிறைவும் உண்டு.

அந்த 'நாலு விஷயம்' நாற்பதாகும்போதுதான் சிக்கல் வருகிறது. டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று தரைத்தளத்தில் தொடங்கி, கடைசி மாடி வரை ஒரு கூடத்தையும் விடாமல் பார்த்துவிடப் பெரியவர்கள் முனைகிறார்கள். மூன்றாவது கூடத்தில் சின்னவள் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். ஐந்தாவதில் பெரியவன் செல்போன் கேட்கிறான். ஏழாவதில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் மேல் இதில் குற்றமே இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1916-லேயே 'அருங்காட்சியகக் களைப்பு' என்ற தலைப்பில் இதைப்பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். காட்சிப் பெட்டிகளின் முன் ஒருவரை நிறுத்தி, பொருள்களைச் சரியாகப் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, எக்கிப் பாடுபடுகிறார் என்பதைப் படம்பிடித்தும் காட்டினார். வளர்ந்த ஆளுக்கே அந்தப் பாடு. பெட்டியின் விளிம்புக்கு மூக்கு எட்டாத ஐந்து வயதுக் குழந்தை என்ன செய்யும்?

ஆகவே, குறைவாகப் பார்ப்பது என்ற முடிவோடுதான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு முடிவை நிறைவேற்றுவதற்கான ஏற்பாடுகள்.

முதல் படி: மூன்றே மூன்று பொருள்கள்

போவதற்கு முந்தைய நாள் மாலை அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். தொகுப்பில் உள்ள முக்கியப் பொருள்களின் படங்களைப் பெரும்பாலான பெரிய நிறுவனங்கள் அதில் வைத்திருக்கின்றன. ஆளுக்கு ஒன்றாக மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுக்கட்டும். பெரியவர்களுக்கும் ஒரு வாக்கு உண்டு, ஒன்றே ஒன்று. தான் தேர்ந்தெடுத்ததைத் தேடிப் போகும் குழந்தை, இழுத்துச் செல்லப்படும் குழந்தையைவிட வேகமாகவும் சலிக்காமலும் நடக்கும்.

தேர்வில் கொஞ்சம் தந்திரம் வேண்டும். மிகப் பெரியது ஒன்று இருக்கட்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முதன்மைக் கூடத்தில் 2017 முதல் தலைக்குமேல் தொங்கும் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு 25.2 மீட்டர் நீளம். அதன் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்கு விளக்கமே தேவையில்லை. குறித்த நேரத்தில் நிகழ்வது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் உள்ள இசைக் கடிகாரத்தில் மணிக்கொரு முறை ஒரு சிறு பொம்மை வெளியே வந்து மணியடிக்கும். அதற்காகவே கூட்டம் கூடும். இப்படி ஒரு நேரத்தை நடுவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

புகழ்பெற்ற பொருள் என்பதற்காக மட்டும் எதையும் சேர்க்க வேண்டாம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் எல்லோரும் தேடிப் போகும் மோனாலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம்தான். குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் முன்னால் நிற்பவர்களின் முதுகுகளும் உயர்த்திய கைகளில் செல்போன்களுமே தெரியும். அதே கூடத்தில் எதிர்ச்சுவருக்குத் திரும்பினால், வெரோனீசே வரைந்த கானாவூர்த் திருமண விருந்து, கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலத்தில், வாத்தியக்காரர்களும் நாய்களும் பரிமாறுபவர்களுமாகப் பரந்து கிடக்கிறது. அந்த அருங்காட்சியகத்தின் மிகப் பெரிய ஓவியம் அதுதான். என்னைக் கேட்டால், குடும்பத்தோடு போகிறவர்கள் அந்தக் கூடத்தில் நுழைந்ததும் முதலில் முதுகைத்தான் திருப்ப வேண்டும்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்றால் தொட்டு விளையாடும் இடங்களே நல்லது. குழந்தைகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் என்ற எண்ணம் புதியதன்று. நியூயார்க்கின் புரூக்ளின் குழந்தைகள் அருங்காட்சியகம் 1899-இல் தொடங்கப்பட்டது. இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியத்தில் காட்சிப் பொருள்களைப் பார்வையாளர்களே இயக்கிப் பார்க்க வேண்டும். உலகம் முழுவதும் பல அறிவியல் மையங்கள் அந்த வழியைப் பின்பற்றுகின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் முதல் பயணம் அங்கேயே ஆகட்டும். இல்லையென்றால் சிறிய அருங்காட்சியகமாகப் பாருங்கள். ரயில், தபால், பொம்மை, கருவிகள் என்று ஒரே பொருளைப் பற்றி இரண்டு மூன்று அறைகளில் அடங்கிவிடும் இடங்கள், பேர்பெற்ற பெரிய மாளிகைகளைவிடக் குழந்தைகளுக்கு நிறைவு தருகின்றன.

இரண்டாம் படி: நாள், நேரம், டிக்கெட்

வார விடுமுறை நாளை முதலில் பாருங்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் வாரத்தில் ஒருநாள் மூடியிருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் மூடுவதில்லை. பாரிஸிலேயே லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஆர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. வாசல்வரை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பிய பிள்ளைகளை அடுத்தமுறை கிளப்புவது பெரும்பாடு.

கட்டணத்தைப் பொறுத்தவரை, விசாரிக்காமல் பணம் கட்ட வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம், மாட்ரிட் பிராடோ போன்ற இடங்களில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம் ஆகியவற்றின் நிரந்தரத் தொகுப்புகளைப் பார்க்க யாருக்குமே கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனி டிக்கெட். பன்னாட்டு அருங்காட்சியக நாளான மே 18-ஐ ஒட்டிப் பல நாடுகளில் சலுகைகளும் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளும் இருக்கும். 1977 முதல் கொண்டாடப்படும் அந்த நாள் சில நாடுகளில் கோடை விடுமுறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. இலவசம் என்றாலும் நேரம் குறித்து முன்பதிவு செய்யும் வசதி இருந்தால் தவறாமல் செய்துகொள்ளுங்கள். வெயிலில் வரிசையில் நின்றே குழந்தையின் பொறுமை பாதி தீர்ந்துவிடும்.

கதவு திறக்கும் நேரம் மிக நல்லது. இல்லையென்றால் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம். உச்சிப்பொழுதில் சுற்றுலாக் குழுக்களும் கோடை முகாம் பிள்ளைகளும் மொத்தமாக வந்து நிறைவார்கள். வாரத்தில் ஒருநாள் மாலையில் நீண்ட நேரம் திறந்திருக்கும் இடங்களும் உண்டு. லண்டன் தேசிய ஓவியக்கூடம் வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 மணி வரையிலும், ஆர்சே வியாழக்கிழமைகளில் இரவு 9:45 வரையிலும் திறந்திருக்கின்றன. பகலில் தூங்கி எழுந்த பிள்ளைகளுக்கு இந்த நேரம் ஒத்துவரும். கைக்குழந்தையின் தூக்க நேரத்தோடு போட்டி போட மட்டும் வேண்டாம்.

மூன்றாம் படி: பை

சிறிய பை போதும். பெரிய முதுகுப்பைகளைப் பல அருங்காட்சியகங்கள் உள்ளே விடுவதில்லை. திரும்பும்போது பின்னால் இருப்பதை இடித்துவிடும் என்பதுதான் காரணம். குழந்தையை முதுகில் சுமக்கும் சட்டகத்துக்கும் அதே தடை உண்டு. மார்பில் கட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் தடை இல்லை. தள்ளுவண்டி பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே எவ்வளவு வெயில் என்றாலும் ஆளுக்கு ஒரு மெல்லிய மேலாடை வேண்டும். உள்ளே குளிரூட்டம் பொருள்களின் நலத்துக்காக வைக்கப்பட்டிருக்கிறது. வியர்த்த உடம்போடு நுழையும் பிள்ளைகளுக்கு அரைமணியில் நடுங்கத் தொடங்கும். வரைவதற்குச் சிறு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், பல கூடங்களில் அனுமதியில்லை. தண்ணீரும் தின்பண்டமும் வெளியில் சாப்பிட, உள்ளே இல்லை.

கிளம்புமுன் பிள்ளைகளைச் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் அன்று என்ன சட்டை போட்டிருந்தான் என்று பதற்றத்தில் நினைவுக்கு வராது. படத்தைக் காட்டினால் காவலர் உடனே தேடத் தொடங்கலாம்.

நான்காம் படி: நுழைந்ததும் ஐந்து நிமிடம்

முதலில் கழிப்பறை. அடுத்து தகவல் மேசை. குழந்தைகளுக்கான வழித்தடத் தாள் அல்லது தேடல் விளையாட்டு இருக்கிறதா என்று அங்கே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் தருவதில்லை. சத்தமும் கூட்டமும் தாங்காத பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், அமைதியான நேரம் எது, ஓய்வறை எங்கே என்பதையும் கேட்டுக்கொள்ளலாம். சில இடங்களில் காதை மூடும் ஒலித்தடுப்பான்களை இரவலாகவும் தருகிறார்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள். சீருடைக்காரர்களைக் காட்டி, "வழி தெரியாவிட்டால் இவர்களிடம் போ" என்று சொல்லுங்கள்.

பிறகு, தொடாதே என்ற பேச்சு. இதை அதட்டலாகச் சொன்னால் கை இன்னும் துறுதுறுக்கும். காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். விரலில் இருக்கும் எண்ணெயும் உப்பும் வெண்கலத்தையே அரிக்கும், சாயத்தையும் துணியையும் கெடுக்கும். வாடிகனில் புனித பேதுரு பேராலயத்தில் உள்ள பேதுருவின் வெண்கலச் சிலையின் வலது பாதத்தை நூற்றாண்டுகளாகப் பக்தர்கள் தொட்டும் முத்தமிட்டும் வந்ததில் விரல்களின் உருவமே மழுங்கிவிட்டது. அந்தப் படத்தை முன்கூட்டியே காட்டிவிட்டால் போதும்.

அத்தனையும் சொன்ன பிறகும் ஏதாவது நடந்துவிட்டால்? 2024 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் உள்ள ஹெக்ட் அருங்காட்சியகத்தில், கண்ணாடித் தடுப்பில்லாமல் வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 3,500 ஆண்டு பழைமையான சாடியை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இழுத்து நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் உடைத்துவிட்டான். அருங்காட்சியகம் அந்தக் குடும்பத்தைத் திட்டவில்லை. மீண்டும் வரும்படி அழைத்தது. சாடியைச் செப்பனிட்டு ஒட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி அகழாய்வாளருக்கும் உரியதுதானே. ஆனாலும் தடுப்பில்லாத பொருள்கள் இருக்கும் கூடத்தில் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

ஐந்தாம் படி: நின்று பார்ப்பது

இதற்காகத்தான் வந்தோம், இதைத்தான் அவசரமாகக் கடக்கிறோம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓர் ஓவியத்தின் முன் செலவிடப்பட்ட நேரத்தின் இடைநிலை அளவு 17 வினாடி, அதாவது பாதிப் பார்வைகள் அதற்குள்ளேயே முடிந்துவிட்டன. விளக்க அட்டையை வாசிக்கும் நேரமும் அதில் அடக்கம்.

தேர்ந்தெடுத்த மூன்று பொருள்களின் முன்னாலாவது ஐந்து நிமிடம் உட்காருங்கள். தரையில் உட்கார அனுமதி இருந்தால் தரையிலேயே உட்காரலாம், கண் மட்டம் குழந்தைக்கு நெருங்கிவரும். விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெயில் ஹௌசனும் வகுத்த முறையில் மூன்றே கேள்விகள்தான்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிரானது. "அவர் கோபமாக இருக்கிறார்" என்று சொன்ன குழந்தை, நெரித்த புருவத்தையும் மடக்கிய கைமுட்டியையும் தேடிக் காட்டத் தொடங்கும். பதில் தவறாகத் தோன்றினாலும் திருத்தாமல் கேளுங்கள். கலை வரலாறு தெரிந்த பெற்றோருக்குத்தான் இது கடினம்.

உடம்பால் பார்க்க வேண்டிய படங்கள் சில உண்டு. சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ள, ஓவியர் சூராவின் ஞாயிற்றுக்கிழமைத் தீவுக் காட்சி ஏறத்தாழ 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். பக்கத்தில் போனால் வண்ணப் புள்ளிகள், பின்னால் நகர்ந்தால் குடையும் நாயும் கயிறு கட்டிய குரங்கும். எத்தனையாவது அடியில் புள்ளிகள் மறைகின்றன என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஹோல்பைன் 1533-இல் வரைந்த இரு தூதர்களின் படத்தில், கீழே கோணலாக ஒரு கறை கிடக்கும். வலப்பக்க ஓரத்துக்குப் போய்ச் சாய்வாகப் பார்த்தால் அது மண்டையோடாகிவிடும். எட்டு வயதுக்காரர்கள் அந்த இடத்தைவிட்டு நகர மறுப்பார்கள். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் புரூகெல் 1560-இல் தீட்டிய குழந்தை விளையாட்டுகள் படத்தில் 200-க்கும் மேற்பட்டவர்கள் சுமார் 80 விளையாட்டுகளை ஆடுகிறார்கள். இடது கீழ்மூலையில் எலும்புத் துண்டுகளை வைத்துச் சொட்டாங்கல் போலவே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இவை எதுவும் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இல்லை என்றாலும் பரவாயில்லை. நெருங்கிப் பார்க்க வேண்டியது, ஓரத்திலிருந்து பார்க்க வேண்டியது, தேட வேண்டியது என்று மூன்று வகைப் பொருள்கள் எந்தச் சிறு அருங்காட்சியகத்திலும் கிடைக்கும்.

வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு விளக்க அட்டையின் கடைசி வரியைக் காட்டுங்கள். பெரியவர்கள் யாரும் கவனிக்காத பதிவெண் அது. பல அருங்காட்சியகங்களில் பொருள் வந்துசேர்ந்த ஆண்டுதான் அந்த எண்ணின் முதல் பகுதி. மேலே சொன்ன சூராவின் ஓவியத்துக்கு எண் 1926.224, அந்த ஆண்டில்தான் சிகாகோ கலை நிறுவனத்தின் தொகுப்பில் சேர்ந்தது. பாட்டி பிறந்த ஆண்டில் வந்த பொருளை யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். கூடம் முழுவதையும் அலசிவிடுவார்கள்.

படம் பிடிப்பதற்குத் தடையில்லாத இடத்திலும் கொஞ்சம் அடக்கம் வேண்டும். உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளை முழுதாகப் படம் பிடித்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அதை நினைவில் வைத்திருந்தார்கள். ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகப் பிடித்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. ஆகவே, "முழுப்படம் வேண்டாம், உனக்குப் பிடித்த ஒரு துண்டை மட்டும் எடு" என்று சொல்லிச் செல்போனைக் கொடுக்கலாம். வரைவது இன்னும் மேல். அழகாக வர வேண்டியதில்லை. சிலையின் காதை மட்டும் வரையட்டும்.

சில அறைகள் மங்கலாக இருப்பதைக் கண்டு சின்னவர்கள் மிரளலாம். பழைய துணிக்கும் தாளில் வரைந்த படத்துக்கும் வெளிச்சமே பகை. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸ் கணக்கில் 50-க்கு மேல் படாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். ஒரு நிமிடம் கண் பழகட்டும் என்று வாசலிலேயே நின்று பிறகு நுழையுங்கள்.

ஆறாம் படி: கிளம்புவது

மூன்றும் பார்த்தாயிற்றா? வெளியே வாருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. "இன்னும் ஒரு மாடி இருக்கிறதே" என்று மனம் இழுக்கும். பிள்ளைகள் கேட்டால் மட்டும் இன்னொன்று. தரையில் கால் தேய்ப்பது, காரணமில்லாத சண்டை, திடீர்த் தாகம் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தால் உடனே வாசலுக்கு. அருங்காட்சியகக் கடையில் அஞ்சலட்டை ஒன்று வாங்கிக் கொடுங்கள். அட்டையில் எந்த நிறம் மாறியிருக்கிறது என்று வீட்டில் வாக்குவாதம் நடக்கும். நேரில் எவ்வளவு கவனித்தார்கள் என்பது அப்போது தெரியும்.

கூரைக்கு வெளியே

அறைக்குள் அடங்காத பிள்ளைகளுக்குத் திறந்தவெளிச் சிற்பங்கள் ஏற்றவை. ஓஸ்லோவின் விகெலான் பூங்காவில் 200-க்கும் மேற்பட்ட சிற்பங்கள் உள்ளன. அதில் கோபத்தில் காலை உதைத்து நிற்கும் குழந்தையின் வெண்கலச் சிலையை எந்தப் பெற்றோரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் பாறைச் சிற்பத்தில் முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் தேடச் சொல்லுங்கள். கல் சூடேறுமுன், காலையிலேயே போய்விட வேண்டும்.

நிகழ்த்துகலைகளில் முதல் அனுபவமாகப் பொம்மலாட்டமோ குறுகிய நேர நாடகமோ பொருந்தும். வரிசையின் ஓரத்து இருக்கை எடுங்கள். நடுவில் எழுந்து போக நேர்ந்தால் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது. சில அரங்குகள் விளக்கை முழுதும் அணைக்காமல், ஒலியைக் குறைத்து, பிள்ளைகள் நடமாடவும் பேசவும் இடம்கொடுத்துத் தனிக் காட்சிகள் நடத்துகின்றன. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பாருங்கள். மேற்கத்திய வாத்தியக்குழு இசை என்றால், ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் 1936-இல் குழந்தைகளுக்கென்றே எழுதிய பீட்டரும் ஓநாயும் கதை அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பறவைக்குப் புல்லாங்குழல், பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்கு மூன்று ஊதுகொம்புகள் என்று பாத்திரங்களைக் காதாலேயே அடையாளம் காணலாம்.

அடுத்த முறைக்கு

பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது என்றால் அதே இடத்துக்கே மறுபடியும் போங்கள். புதிய அருங்காட்சியகத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஏற்கெனவே பார்த்த பொருளுக்குத் தம்பி தங்கையை அழைத்துச் சென்று காட்டுவதில் அவர்களுக்குப் பெருமை அதிகம். கட்டணம் வாங்கும் இடமாக இருந்தால் குடும்பத்துக்கான ஆண்டு உறுப்பினர் அட்டையைப் பற்றி விசாரியுங்கள். அட்டை கையில் இருந்தால், கொடுத்த காசுக்குப் பார்த்தாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. ஒரே ஒரு யானைத் தந்தத்தைப் பார்த்துவிட்டு இருபது நிமிடத்தில் வீடு திரும்பலாம். வாங்குமுன், எத்தனை முறை வந்தால் விலைக்கு ஈடாகும், தாத்தா பாட்டியையும் சேர்க்க முடியுமா, சிறப்புக் கண்காட்சிகளுக்கும் செல்லுமா என்று தகவல் மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள்.